மேல்தளத்தில் விரிசல், தூணில் ஜல்லி தெரிகிறது: எதைப் பார்த்துப் பயப்படுவது?

கேள்வி: உடுமலைப்பேட்டை பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறேன். 1,150 சதுர அடி, தரைத்தளம் மட்டும். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஆனி கடைசி வாரத்தில் மேல்தளம் போட்டோம். மறுநாள் காலை ஏறிப் பார்த்தால் மேற்குப் பக்கம் முழுக்கச் சாய்வாக விரிசல்கள், ஒவ்வொன்றும் ஒரு முழம், ஒன்றரை முழம் நீளம். ‘ஏர் கிராக்குங்க, ஒண்ணும் ஆகாதுங்க’ என்று சொல்லி மேஸ்திரி சிமெண்ட் பால் ஊற்றிவிட்டார். இரவில் தூக்கம் வரவில்லை. மச்சான் தளத்தை இடித்துவிட்டு மறுபடி போடச் சொல்கிறார். போர்டிகோ தரை போட்டு இரண்டு மாதம் ஆகிறது, எப்போது பெருக்கினாலும் மாவு மாதிரி தூசி வருகிறது. அப்புறம், போன வாரம் பையன் பந்தடித்தபோது ஹால் தூணின் அடியில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது, உள்ளே ஜல்லியும் ஒரு கம்பியும் தெரிகிறது; பூசினால் சரியாகிவிடும் என்கிறார் மேஸ்திரி. வரும் புதன்கிழமை பூச்சு வேலை ஆரம்பிக்கிறது. என்ன செய்யட்டும் சார்?

பதில்:

இடிக்க வேண்டாம். பூசவும் வேண்டாம், குறைந்தபட்சம் அந்தத் தூணைச் சுற்றி.

உங்கள் கடிதத்தில் தளத்து விரிசலுக்குத்தான் அதிக இடம், தூக்கம் போனதும் அதனால்தான். தூண் விஷயம் ‘அப்புறம்’ என்று கடைசியில் வருகிறது. நான் படித்தபோது அப்படியே தலைகீழாக இருந்தது. தளத்து விரிசலை நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம், போர்டிகோ தூசி வெறும் தொல்லை. பையன் அடித்த பந்து மட்டும் அந்த இடத்தில் படாமல் இருந்திருந்தால் தூணின் ஓட்டை புதன்கிழமை பூச்சுக்குள் மறைந்து, அப்புறம் பெயிண்டுக்குள் மறைந்து, பத்து வருடம் கழித்துத் தூண் மூலையில் நெட்டுக்குத்தாக வெடிப்பு வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரிந்திருக்கும். பையனுக்கு ஒரு நல்ல பேட் வாங்கிக் கொடுங்கள்.

முதலில் தளத்தைப் பார்த்துவிடுவோம், இல்லாவிட்டால் நான் தூணைப் பற்றிச் சொல்வது உங்கள் காதில் ஏறாது.

‘ஏர் கிராக்’ என்று நம் ஊரில் எல்லோரும் சொல்கிறோம். காற்றுக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை, முடி அளவு மெல்லிய விரிசல் என்பதற்கான ஆங்கிலப் பெயரில் முதல் எழுத்து உதிர்ந்து போனதுதான் இந்த ‘ஏர்’. ஆனால் உங்கள் விஷயத்தில் வேடிக்கை என்னவென்றால், விரிசலுக்குக் காரணம் நிஜமாகவே காற்றுதான். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எப்படி அடிக்கும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், காற்றாலைகளை வரிசையாக அங்கே நட்டு வைத்திருப்பதே அதற்காகத்தானே. வெயில் கம்மி, மேகமூட்டம், காங்கிரீட் போட அருமையான நாள் என்று மேஸ்திரி நினைத்திருப்பார்.

கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பம், காற்றில் ஈரப்பதம் 60 சதவீதம் என்று வையுங்கள். காற்றே வீசாவிட்டால் புதிதாகப் போட்ட தளத்தில் ஒரு சதுர மீட்டரிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஆவியாவது சுமார் 130 மில்லி தண்ணீர். அதே வெப்பம், அதே ஈரப்பதம், காற்று மட்டும் மணிக்கு 30 கிலோமீட்டர் என்றால் அது ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். உங்கள் தளம் கிட்டத்தட்ட 107 சதுர மீட்டர். அதாவது மட்டம் தட்டி முடித்த தளத்திலிருந்து மணிக்கு நூறு லிட்டருக்கு மேல், ஏழெட்டுக் குடம் தண்ணீரை, காற்று யாருக்கும் தெரியாமல் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. அடியிலிருந்து அந்த வேகத்தில் மேலே தண்ணீர் வராது. மேல்தோல் மட்டும் காய்ந்து சுருங்கப் பார்க்கும், அடியில் இருப்பது இன்னும் களி மாதிரி, பிடித்துக்கொள்ளும் பலம் அதற்கு இல்லை. தோல் கிழியும். மணிக்குச் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் என்பதுதான் பொறியாளர்கள் பொதுவாக வைத்திருக்கும் எச்சரிக்கைக் கோடு, நீங்கள் அதை மதியமே தாண்டியிருப்பீர்கள்.

மறுநாள் காலையில் பார்த்ததால் இரவில் வந்த விரிசல் என்று நினைக்கிறீர்கள். இல்லை, போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்திருக்கும், ஆட்கள் சாப்பிட உட்கார்ந்த நேரமாகக்கூட இருக்கலாம். நானே ஆரம்ப காலத்தில் ஒரு குடோன் தரையில் இதே மாதிரி மாட்டியிருக்கிறேன்: எல்லாம் பிரமாதமாக முடிந்தது என்று பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்து, கை கழுவித் திரும்பி வந்து பார்த்தால் தரை முழுக்கப் பூனை கீறின மாதிரி கோடுகள். கூட இருந்த வயதான கொத்தனார் ஒன்றும் பேசாமல் தேய்ப்புப் பலகையை எடுத்துக்கொண்டு போய், விரிசல் மேல் தட்டித் தட்டி அமுக்கி இழுத்து மூடிவிட்டு, பின்னாலேயே ஈரச் சாக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். காங்கிரீட் இறுகுவதற்கு முன் அப்படிச் செய்தால் விரிசல் நிஜமாகவே மூடிக்கொள்ளும். இறுகிய பிறகு சிமெண்ட் பால் ஊற்றுவது வேறு கதை, அதற்கு வருகிறேன்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய முதல் சோதனை. மாடிக்கு ஏறி விரிசல்களின் போக்கைப் பாருங்கள். சாய்வாக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய இணையாக, தளத்தின் ஓரம் வரை போகாமல் நடுவிலேயே ஆரம்பித்து நடுவிலேயே முடிந்தால் அது நான் சொன்ன காற்று வேலை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது, மேற்குப் பக்கம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், காற்று வரும் பக்கம் அதுதான். ஆனால் விரிசல் நூல் பிடித்த மாதிரி நேராக, ஐந்தாறு அங்குல இடைவெளியில், கம்பி கட்டியிருந்த வரிசையிலேயே ஓடினால் காரணம் வேறு. கலவையில் தண்ணீர் அதிகமாகி, போட்ட பிறகு காங்கிரீட் கீழே அமர்ந்திருக்கும், கம்பி இருந்த இடத்தில் மட்டும் அமர முடியாமல் மேலே பிளந்திருக்கும். இரண்டாவது வகை பார்ப்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும், ஆனால் மழைத்தண்ணீருக்கு நேராகக் கம்பிக்கே வழி போட்டுக் கொடுக்கிற விரிசல் அது. பீம்களுக்கு மேலே, மேல் கம்பி இருக்கும் இடங்களில் நன்றாகக் குனிந்து பாருங்கள்.

கண்ணுக்குச் சரியாகத் தெரியாவிட்டால் ஒரு வழி. காலை வெயிலில் தளத்தை நன்றாக நனைத்துவிட்டுக் காயும்வரை கூடவே இருங்கள். மற்ற இடமெல்லாம் வெளுத்துக் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக் கோடாகக் கறுத்துத் தெரியும். அந்த நேரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்கே கீறித் தேதி எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து முனை நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். காற்றால் வந்த விரிசல் வந்த அன்றோடு சரி, நீளாது. நீள்கிறது என்றால் நீங்களும் நானும் கடிதத்தில் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல அது.

அடுத்து, விரிசல் கீழ்வரை இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த வகை மேலே அகலமாகவும் போகப் போக ஒடுங்கியும் இருக்கும், ஆனால் ஐந்து அங்குலத் தளத்தில் சில சமயம் அடிவரை போய்விடும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருப்பீர்கள் அல்லவா, அந்த நாட்களில் கீழே சீலிங்கில் ஈரக் கோடோ, காய்ந்த பிறகு வெள்ளையாக உப்புப் பூத்த கோடோ தெரிந்ததா? ஞாபகம் இல்லையென்றால் விரிசல் உள்ள பகுதியில் மட்டும் பாத்தி கட்டி ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். சீலிங் பூசிவிட்டால் இந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை, ஆகவே இதுவும் புதனுக்கு முன்பே.

மேஸ்திரி ஊற்றிய சிமெண்ட் பால் பெரும்பாலும் வாயிலேயே நின்றிருக்கும். மெல்லிய விரிசலுக்குள் சிமெண்ட் துகள் இறங்காது, இறங்கின கொஞ்சமும் காய்ந்தால் தானும் சுருங்கி இரண்டு பக்கமும் விட்டுவிடும். அடிவரை போகாத விரிசல் என்றால் வாயை ‘வி’ மாதிரி அரை அங்குலம் வெட்டி, தூசியை ஊதிச் சுத்தம் செய்து, பாலிமர் கலந்த கலவையால் அடைத்து, அதன் மேல் தளம் முழுவதற்கும் வாட்டர் ப்ரூஃபிங் பூச்சு கொடுத்து, பிறகு தட்டோடோ கூலிங் டைல்ஸோ போடுங்கள். அடிவரை போயிருந்தால், தண்ணீர் மாதிரி ஓடும் எபாக்ஸி கிடைக்கிறது, விரிசல் நன்றாகக் காய்ந்த பிறகு அதை மேலிருந்து ஊற்றினால் தானாக இறங்கி ஒட்டிவிடும். அதற்கென்று வேலை செய்கிற ஆட்களிடம் கொடுங்கள், கொத்தனார் வேலை அல்ல. இரண்டில் எதுவானாலும் தளத்தை இடிக்கிற பேச்சுக்கே இடமில்லை, மச்சானிடம் சொல்லிவிடுங்கள். தளத்தின் அடிப்பக்கம் அறையின் நடுவாக்கில் குறுக்கே விரிசல், பீமின் பக்கவாட்டில் தூணுக்கு அருகே சாய்வான விரிசல், இவற்றில் ஏதாவது தெரிந்தால் மட்டும் உடனே வடிவமைப்புப் பொறியாளரை வீட்டுக்கே கூப்பிடுங்கள். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

இனி தூண்.

பெயர்ந்த சில்லு காங்கிரீட்டின் துண்டு அல்ல. பலகை பிரித்த அன்றைக்கே மேஸ்திரி ஜல்லியைப் பார்த்திருக்கிறார், நீங்கள் சைட்டுக்கு வருவதற்குள் சிமெண்டைக் குழைத்து அப்பி, கரணையால் வழவழவென்று இழுத்துவிட்டிருக்கிறார். அவரைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை, ஊரெல்லாம் நடப்பதுதான். தேன்கூடு என்று நாங்கள் சொல்லும் இந்த ஓட்டை ஏன் எப்போதும் தூணின் அடியிலேயே வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். அங்கேதான் கீழிருந்து வரும் கம்பியும் மேலே போகும் கம்பியும் சேர்ந்து இரண்டு மடங்காக நிற்கிறது, ரிங்கும் நெருக்கம். பத்து அடி உயரப் பெட்டிக்குள் மேலே நின்றுகொண்டு சட்டி சட்டியாகக் கொட்டினால் முதல் சட்டிக் கலவை கம்பியில் மோதி மோதி, ஜல்லி முதலில் போய்ச் சேரும், சாந்து கம்பியிலேயே ஒட்டிக்கொள்ளும். ஸ்டார்டருக்கும் (தூணின் அடியில் முதலில் போடும் சின்னக் காங்கிரீட் மேடை) பலகைக்கும் நடுவே விரற்கடை இடைவெளி இருந்தால் கொஞ்சநஞ்சம் வந்த சிமெண்ட் பாலும் அதன் வழியாக வெளியே ஓடிவிடும். வைப்ரேட்டர் ஊசி அந்த ஆழம் வரை போகாது, அல்லது போனாலும் யாரும் விடுவதில்லை, ஒரு கம்பியால் நாலு குத்து. விளைவு, வீட்டிலேயே அதிகச் சுமை தாங்குகிற இடத்தில் ஜல்லிக் குவியல்.

பூச்சு அதற்கு ஒன்றும் செய்யாது. கம்பியைத் துருவிலிருந்து காப்பாற்றுவது அதைச் சுற்றி நெருக்கமாக ஒட்டியிருக்கும் காங்கிரீட்தான், தூணில் அது 40 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்கிறது காங்கிரீட் வேலைக்கான நம் இந்தியத் தர விதி, ஐ.எஸ். 456. பூச்சு ஈரத்தை உறிஞ்சும், தரை துடைக்கிற தண்ணீர் ஏறும், ஓட்டைக்குள் காற்று இருக்கும், கம்பிக்குத் துருப்பிடிக்க வேறென்ன வேண்டும். துரு கம்பியைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் பிறகு காங்கிரீட்டை வெடிக்க வைக்கிறது. இது மெதுவாக நடக்கும். சுமை தாங்கும் பலம் அதற்கு முன்னாலேயே போய்விட்டது: காங்கிரீட்டுக்குள் 5 சதவீதம் வெற்றிடம் இருந்தாலே பலம் 30 சதவீதம் வரை குறையலாம், உங்கள் தூணில் கண்ணாலேயே பார்க்க முடிகிற ஓட்டை.

செய்ய வேண்டியது இதுதான். அந்த இடத்தை யாரும் உடனே கொத்த ஆரம்பிக்க வேண்டாம். மேலே தளத்தின் பாரம் இப்போது அந்தத் தூணில் உட்கார்ந்திருக்கிறது, ஆகவே அந்தத் தூணுக்கு வருகிற பீம்கள் எல்லாவற்றுக்கும் கீழே, தூணை ஒட்டி, ஜாக்கி முட்டுகளைக் கொடுத்து இறுக்கிய பிறகுதான் உளியே எடுக்க வேண்டும். செண்டிரிங் ஆட்கள் சவுக்கு முட்டுப் போதும் என்பார்கள், இரும்பு ஜாக்கியையே கேளுங்கள், திருகி இறுக்க முடியும். பிறகு சின்ன உளி, சின்னச் சுத்தியல். பெரிய பிரேக்கர் வேண்டாம், அது நல்ல காங்கிரீட்டையும் உதறிவிடும். கொத்தும்போது ஜல்லி தனியாகக் கழன்று விழுகிறதா, அல்லது ஜல்லியே உடைகிறதா என்று கவனியுங்கள். கழன்று விழுந்துகொண்டிருக்கும்வரை கொத்த வேண்டும், ஜல்லி உடைய ஆரம்பித்தால் நல்ல காங்கிரீட் வந்துவிட்டது, சத்தமும் ‘பொத்’ என்பதிலிருந்து ‘கணீர்’ என்று மாறும்.

ஓட்டை கம்பிக்கு வெளியே, தோலளவில் நின்றுவிட்டால் நிம்மதி. கம்பியைத் தாண்டி உள்ளே போனால், கம்பிக்குப் பின்னால் விரல் நுழைகிற அளவு இடம் கிடைக்கும்படி கொத்த வேண்டியிருக்கும், அந்த நிலையில் கொத்துவதை நிறுத்திவிட்டுப் பொறியாளர் வந்து பார்க்கும்வரை காத்திருங்கள். ஒன்பதுக்குப் பன்னிரண்டு அங்குலத் தூணில் ஒரு பக்கம் மூன்று அங்குலம் போனாலே கால் பங்கு போன மாதிரி. ஒரே நேரத்தில் நாலு பக்கமும் கொத்தவே கூடாது.

அடைப்பதற்குச் சாதாரணச் சிமெண்ட் மணல் கலவை வேண்டாம், அது காயும்போது சுருங்கி, பழைய காங்கிரீட்டிலிருந்து விட்டுவிடும். மேலோட்டமான ஓட்டைக்குப் பாலிமர் கலந்த ரிப்பேர் கலவை, அடுக்கடுக்காக, கையால் அழுத்தி. ஆழமான ஓட்டைக்குச் சுருங்காத மைக்ரோ காங்கிரீட், அதற்குத் தூணைச் சுற்றிப் பலகை அடித்து, ஒரு பக்கம் மட்டும் மேலே வாய் வைத்து, அந்த வாய் வழியாக மட்டுமே ஊற்ற வேண்டும், எல்லாப் பக்கமும் ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். ஊற்றுவதற்கு முதல் நாள் இரவு முழுக்கப் பழைய காங்கிரீட்டை நனைத்து வையுங்கள், ஊற்றும்போது ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கி நிற்கக் கூடாது. கம்பியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். மூட்டையில் எவ்வளவு தண்ணீர் என்று அச்சிட்டிருக்கிறதோ அவ்வளவுதான், அளந்து ஊற்ற ஒரு லிட்டர் குவளை வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கொத்தனார் ‘கொஞ்சம் இளக்கமா இருந்தா நல்லா இறங்கும்’ என்று இன்னும் ஊற்றப் பார்ப்பார். ஏழு நாள் ஈரச் சாக்கு. ஜாக்கி முட்டுகளை எப்போது எடுப்பது என்பதைப் பொறியாளர் சொல்லட்டும்.

ஒரு தூணில் இப்படி என்றால் மற்றவற்றையும் நம்பாதீர்கள். எல்லாத் தூணின் அடியிலும் இரண்டடி உயரம் வரை சின்னச் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டிக்கொண்டே போங்கள். அப்பி மூடின இடம் நிறத்திலேயே காட்டிக்கொடுக்கும், பலகையின் தடம் இருக்காது, கரணை இழுத்த வழவழப்பு இருக்கும். கால் மணி நேர வேலை. பூச்சு ஏறிவிட்டால் இதே விஷயத்தைத் தெரிந்துகொள்ளக் கருவி கொண்டுவந்து சோதிக்க வேண்டிவரும். சொன்னதால் சொல்கிறேன், யாராவது ரீபௌண்ட் சுத்தியல் என்ற சோதனைக் கருவியைக் கொண்டுவந்து இரண்டு தட்டுத் தட்டிப் பலம் நன்றாக இருக்கிறது என்று சான்றிதழ் கொடுத்தால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். அது மேல்தோலின் கடினத்தைத்தான் காட்டும், பலத்தைக் கணிப்பதில் 25 சதவீதம் வரை கூடக் குறைய இருக்கலாம். உள்ளே ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க அல்ட்ராசானிக் சோதனைதான் பொருத்தம்.

இன்னொரு தடவை தூண் போடும்போது, மதில் கேட்டுக்கோ மாடிக்கோ, இவ்வளவு செய்தால் போதும்: ஸ்டார்டர் மேல் பலகை உட்காரும் இடத்தின் சந்தைச் சிமெண்ட் சாக்காலோ ஃபோமாலோ அடைத்துவிட்டு, முதலில் இரண்டு அங்குல உயரத்துக்கு ஜல்லி இல்லாத நல்ல சாந்தைப் போடுங்கள், அடியில் ஜல்லி விழுந்தாலும் அதில் புதைந்துவிடும். ஐந்தடிக்கு மேல் உயரத்திலிருந்து கொட்ட விடாதீர்கள், ஐ.எஸ். 456-ம் பொதுவாக 1.5 மீட்டரைத்தான் சொல்கிறது. பெட்டியின் பாதி உயரத்தில் ஒரு ஜன்னல் வைத்து அதன் வழியாகப் போடலாம். ஒன்றரை அடிக்கு ஒரு முறை வைப்ரேட்டர், ஊசியை நேராக விட்டு, குமிழி வருவது நின்றதும் மெதுவாக எடுக்க வேண்டும். வைப்ரேட்டர் ரிப்பேர் என்று அன்றைக்குக் காலையில் சொன்னால் வேலையை மறுநாளைக்குத் தள்ளுங்கள், பெட்ரோல் தீர்ந்தது, ஊசி மாட்டிக்கொண்டது என்று ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும்.

போர்டிகோவுக்கு வருவோம், இது சீக்கிரம் முடியும். ஒரு சாவியாலோ பழைய ஆணியாலோ தரையை அழுத்திக் கீறுங்கள். மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் விழுந்தால் தோல் மட்டும்தான் பலவீனம். பள்ளம் விழுந்து மாவு குவிந்தால் அதற்கும் கீழே போயிருக்கிறது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கலவை இளக்கமாகப் போட்டதால் தண்ணீர் மேலே மிதந்திருக்கும், அது வற்றும்வரை காத்திருக்கப் பொறுமையில்லாமல் வெறும் சிமெண்டைத் தூவி உறிஞ்சவைத்துக் கரணையால் பளபளவென்று தேய்த்திருப்பார்கள். அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்திருக்கும், நீங்களும் பாராட்டியிருப்பீர்கள். அந்தப் பளபளப்புதான் இப்போது தூசியாக வருகிறது. இன்னும் உற்றுப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெடிப்பும் தெரியும். அதோடு போர்டிகோவில் எம்-சாண்டைக் கொட்டி வைத்திருப்பீர்கள், தண்ணீர் நிறுத்தியிருக்க மாட்டீர்கள். டைல்ஸ் ஒட்டப் போகிறீர்களா? அப்படியானால் அந்தத் தோலைக் கிரைண்டரால் தேய்த்து எடுத்துவிட்டு ஒட்டுங்கள், மேலேயே ஒட்டினால் டைல்ஸ் தோலோடு பெயர்ந்து வரும். வெறும் தரையாகவே விடுவதென்றால், கீறல் மேலோட்டமாக இருந்தால் தரையைக் கெட்டியாக்கும் சிலிகேட் திரவம் இரண்டு கை அடித்தாலே தூசி நிற்கும். சிமெண்ட் பால் மறுபடி வேண்டாம், ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

நீங்கள் கேட்காத ஒன்று. முட்டுப் பிரித்த பிறகு சீலிங்கை டார்ச் வெளிச்சம் சாய்வாக விழும்படி பிடித்துப் பாருங்கள். கம்பி ஓடும் வரிசை நிழல் மாதிரிக் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் கம்பிக்குக் கீழே கவர், அதாவது கம்பியை மூடியிருக்க வேண்டிய காங்கிரீட், இல்லை; கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லித் துண்டை வைத்திருப்பார்கள், ஆள் நடந்ததில் அது சாய்ந்திருக்கும். தளத்தில் 20 மில்லிமீட்டர் கவர் வேண்டும். பதினைந்து இருபது வருட வீடுகளில் பாத்ரூம் சீலிங் பிய்ந்து விழுவதைப் பார்த்திருப்பீர்களே, பாதிக்கு மேல் இந்தக் கதைதான். தெரிந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், பூசுவதற்கு முன் அதற்கு என்ன செய்யலாம் என்று தனியாகச் சொல்கிறேன்.

மூன்றுக்கும் பொதுவாக ஒரு பக்கெட் இருக்கிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர், அதில் மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அடக்கம், ஈர எம்-சாண்ட் என்றால் அதுவே மூட்டைக்கு நாலு லிட்டர் கொண்டுவரும். மிக்சர் அருகில் நிற்கிற ஆள் இதையெல்லாம் பார்க்க மாட்டார், கலவை ஓடுகிறதா என்றுதான் பார்ப்பார், பக்கெட்டைக் கவிழ்ப்பார். தண்ணீர் கூடினால் தளம் அமர்ந்து பிளக்கும், தூணில் ஜல்லி பிரியும், தரையில் பால் மிதக்கும். அடுத்த முறை காங்கிரீட் அன்று நீங்கள் மிக்சர் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்காருங்கள், டீ வாங்க வேறு யாரையாவது அனுப்புங்கள். காற்று மாதமாக இருந்தால் மேற்குப் பக்கம் பச்சை வலையோ தார்ப்பாயோ கட்டி, விடியற்காலையிலேயே ஆரம்பித்து, மட்டம் தட்டின இடத்தை உடனுக்குடன் பாலித்தீன் விரித்து மூடிக்கொண்டே போகச் சொல்லுங்கள். தண்ணீர் கட்டுவது குறைந்தது பத்து நாள். பி.பி.சி. (நிலக்கரிச் சாம்பல் கலந்த) சிமெண்ட் என்றால் 14 நாள் வைத்துக்கொள்ளுங்கள், இன்று கடையில் வீட்டு வேலைக்குப் பெரும்பாலும் கிடைப்பது அதுதான், மூட்டையில் பார்த்தால் தெரியும்.

மேஸ்திரியிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுதான் உங்களுக்கு இப்போதைய கவலை என்று தெரிகிறது. ஏமாற்றிவிட்டீர்களே என்று ஆரம்பிக்காதீர்கள், அவர் இன்னும் மூன்று மாதம் உங்கள் வீட்டில் வேலை செய்யப் போகிறவர். கடிதத்தைப் படித்த பொறியாளர் இப்படிச் சொல்லிவிட்டார், அவர் வந்து பார்க்காமல் பூசினால் எனக்குத் தூக்கம் வராது என்று என் தலையில் போட்டுவிடுங்கள். மைக்ரோ காங்கிரீட் மூட்டைக்கு நீங்கள் காசு கொடுங்கள், ஆள் கூலியை அவர் பார்த்துக்கொள்ளட்டும், இதில் பெரும்பாலான மேஸ்திரிகள் ஒத்துக்கொள்வார்கள். புதன்கிழமை ஆட்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை, படுக்கையறைகளின் செங்கல் சுவரில் ஆரம்பிக்கச் சொல்லுங்கள், சுவர் நாலைந்து நாளைக்கு வேலை இழுக்கும். சீலிங்கும் தூண்களும் போர்டிகோவும் மட்டும் அப்படியே கிடக்கட்டும். செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு ரூபாய் நாணயத்தை ஓட்டைக்குப் பக்கத்தில் ஒட்டி, தூணைக் கிட்டத்தில் ஒன்று, தள்ளி ஒன்று என இரண்டு படம் எடுத்து அனுப்புங்கள், ஆழத்தை ஒரு தென்னங்குச்சியை விட்டு அளந்து எழுதுங்கள்.